கைகளும் கற்கட்டும்



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும் நாளில் நம் வீடுகள் சிலவற்றில் ஒரு தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது: "இவனுக்குப் படிப்பு ஏறாது, பாஸ்போர்ட் எடுத்துவிடலாம்." அய்யம்பேட்டையானாலும் அதிராம்பட்டினமானாலும் கூத்தாநல்லூரானாலும் இது நாம் அறிந்த வழக்கமே. ஆனால், அப்பிள்ளைக்கு எத்தனை வழிகளில் கற்பித்துப் பார்த்தோம் என்று நாம் கேட்டுக்கொள்வதில்லை.

பின்னக் கணக்கில் தடுமாறும் மாணவனை எண்ணிப் பாருங்கள். தஞ்சைத் தரணியின் நில அளவையே பின்னப் பாடம்தான். ஒரு வேலிக்கு 20 மா. 'மா' என்ற சொல்லே இருபதில் ஒரு பங்கைக் குறிக்கும். ஒரு மாவுக்கு 100 குழி. ஒரு குழி 12 அடிக்கு 12 அடி, அதாவது 144 சதுர அடி. கயிற்றையும் நான்கு முளைகளையும் கொடுத்து, அறுவடை முடிந்த வயலில் ஒரு குழியை அளந்து காட்டச் சொல்லுங்கள். மூலைகள் பிசகினால் மூலைவிட்டங்கள் ஒத்துவரா. தவற்றை ஆசிரியருக்கு முன்பே கயிறு சொல்லிவிடும். வகுப்பின் சிரிப்புக்கு அஞ்சாமல் அவன் திருத்திக்கொள்வான். சாய்த்தாலும் நிமிரும் தஞ்சாவூர்ப் பொம்மையைக் களிமண்ணாலும் காகிதத்தாலும் செய்து பார்ப்பவனுக்கு, அடிப்பாகம் ஏன் கனமாகவும் உருண்டையாகவும் இருக்க வேண்டும் என்பது விளங்கிவிடும். ஈர்ப்பு மையம் பற்றிய பாடம் அதன்பின் அவனை அச்சுறுத்தாது.

இவ்வழி தமிழகத்துக்குப் புதிதன்று. ரிஷிவேலியின் அனுபவத்தைப் பின்பற்றி, 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. அட்டைகளையும் பொருள்களையும் கையாண்டு, ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் முன்னேறும் முறை அது. 2007இல் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு அது விரிந்தது. ஆனால், அதற்கு மேற்பட்ட வகுப்புகளிலும் பிள்ளைகள் பின்தங்குவதுண்டு.

"தொழிலைக் காட்டிப் படிப்பைப் பறிக்கும் பழைய சூழ்ச்சியா இது?" என்று கேட்போர் உண்டு. நியாயமான ஐயம்தான். 1953இல் இராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தைக் குலக்கல்வி என்று தமிழகம் எதிர்த்தது; 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. அத்திட்டம் பிள்ளையைப் பள்ளியிலிருந்து தகப்பன் தொழிலுக்கு அனுப்பியது. நாம் வேண்டுவதோ கைவேலை வழியாகப் பிள்ளையை மீண்டும் புத்தகத்திடம் அழைத்து வருவது. அளந்ததை அன்றே எழுதவும் கணக்கிடவும் செய்யாவிட்டால் அது வெறும் பொழுதுபோக்காகிவிடும்.

கைவேலையைத் தாழ்வாக எண்ணுவது நம் மார்க்கத்தின் இயல்பன்று. தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பு மென்மையாக்கப்பட்டதையும், கவசத்தின் வளையங்களைச் சரியான அளவில் அமைக்குமாறு அவர்கள் பணிக்கப்பட்டதையும் திருக்குர்ஆன் கூறுகிறது. அளவறிந்து செய்வதும் இல்முதான்.

ஆகவே, ஜமாஅத் பெரியவர்களிடம் ஒன்று வேண்டுகிறோம். கோடை விடுமுறையில், அஸருக்குப் பின் மதரஸா கூடத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நம் மஹல்லாவிலேயே தச்சரும் தையற்காரரும் எலக்ட்ரீசியனும் இருக்கிறார்கள். உடன் ஒரு கணித ஆசிரியரும் அமரட்டும். பெண்பிள்ளைகளுக்கும் அதில் சம இடம் வேண்டும். பெற்றோரே, "ஏறாது" என்று முடிவு கட்டுமுன், பிள்ளையின் கைகளுக்கும் ஒரு வாய்ப்பைக் கொடுங்கள்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன்.