எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்



குத்துச்சண்டை என்றதும் நம் மனக்கண் முன் வருவது என்ன? வீங்கிய கண், கிழிந்த உதடு, தரையில் கிடக்கும் ஒருவர், கையை உயர்த்தி நிற்கும் மற்றொருவர். "பெண் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் இந்தப் பேச்சு எதற்கு?" என்று பெற்றோர் சிலர் கேட்கக்கூடும். சென்ற ஆண்டு வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கோடை விடுமுறைக்கு என் தாய்மாமா வீட்டிற்குச் சென்று வந்த பிறகு என் எண்ணம் மாறியது.

வடசென்னையில் குத்துச்சண்டை பல தலைமுறைகளாக வேரூன்றிய விளையாட்டு. மாமா இளமையில் அங்கே அதைப் பயின்றவர். "எனக்கும் கற்றுக்கொடுங்கள் மாமா" என்று விளையாட்டாகக் கேட்டேன். கையுறை தருவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ ஒரு டென்னிஸ் பந்தை எடுத்து வந்து, "இதை மோவாய்க்குக் கீழே இடுக்கிக்கொள்" என்றார். பிறகு இரண்டு நோட்டுப் புத்தகங்களை என் இரு அக்குள்களிலும் செருகினார். "மூன்றில் எதுவும் கீழே விழக்கூடாது. இப்படியே மொட்டை மாடியைச் சுற்றி வா, பார்க்கலாம்" என்றார். முதல் வாரம் முழுவதும் இதுதான் பாடம்!

"குத்துவதற்கு எப்போது சொல்லித் தருவீர்கள்?" என்று கேட்டேன். "முதலில் உன் தலையைக் காத்துக்கொள்ளப் பழகும்மா. குத்து எங்கேயும் ஓடிப்போகாது" என்றார்.

அந்த நிலை எப்படிப்பட்டது? வலக்கைப் பழக்கமுள்ளவர் இடக்காலை முன்வைத்து, உடலைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி நிற்க வேண்டும். மோவாய் மார்பை நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டும். ஆனால் கண்கள் தரையைப் பார்க்கக்கூடாது. புருவத்தின் அடியிலிருந்து எதிராளியையே பார்க்க வேண்டும். வலக்கை கன்னத்தை ஒட்டியும், இடக்கை கண் உயரத்தில் சற்று முன்னாலும் நிற்கும். முழங்கைகள் விலாவைக் காக்கும். இடத்தோள் சற்று உயர்ந்து மோவாய்க்கு மதிலாகும். கையை நீட்டிக் குத்தினால், நீட்டிய வழியாகவே அது கன்னத்திற்குத் திரும்ப வேண்டும். குத்து வரும்போது நேர் பின்னால் சாய்ந்தால் மோவாய் மேலே தூக்கிக்கொள்ளும். ஆகவே தலையைப் பக்கவாட்டில் சிறிதே நகர்த்த வேண்டும். எல்லாவற்றிலும் கடினமானது கண்ணை மூடாமல் இருப்பதுதான்.

மோவாய்க்கு ஏன் இத்தனை காவல்? அது ஒரு நெம்புகோலின் நுனி போன்றது. அங்கே அடி விழுந்தால் தலை வேகமாகச் சுழல்கிறது. மண்டையோட்டின் உள்ளே மூளையும் குலுங்குகிறது. நினைவு தப்புவது அதனால்தான். மோவாயைத் தாழ்த்திக் கழுத்தை உறுதியாக வைத்திருந்தால் அந்தச் சுழற்சி குறையும்.

கை சற்றுத் தாழ்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சான்று. 1936 ஜூன் 19 அன்று நியூயார்க்கில், அதுவரை தோல்வியே காணாத அமெரிக்க வீரர் ஜோ லூயிஸ், ஜெர்மானியர் மாக்ஸ் ஷ்மெலிங்கை எதிர்த்து நின்றார். லூயிஸ் வெல்வார் என்றே எல்லோரும் நம்பினர். ஆனால் ஷ்மெலிங் அவருடைய சண்டைப் படங்களைக் கூர்ந்து பார்த்து, இடக்கையால் குத்திய பிறகு லூயிஸ் அந்தக் கையைத் தாழ்த்துவதைக் கவனித்திருந்தார். அந்த இடைவெளியில் தம் வலக்கையைச் செலுத்தி, பன்னிரண்டாம் சுற்றில் வீழ்த்தினார். 1938இல் இருவரும் மீண்டும் மோதியபோது லூயிஸ் முதல் சுற்றிலேயே வென்றார். கைகளைத் தாழ்த்திக் கால் வேகத்தையே நம்பி ஆடிய முகமது அலியும், 1971 மார்ச் 8 அன்று பதினைந்தாம் சுற்றில் ஜோ ஃபிரேசியரின் இடக்கைக் குத்தில் தரையில் விழுந்தார். வல்லவருக்கே இந்தக் கதி என்றால், கற்றுக்குட்டிகளின் நிலை என்ன?

"தலைக்கவசம் இருக்கிறதே!" என்று சிலர் சொல்வர். தலைக்கவசம் வெட்டுக்காயத்தைக் குறைக்கும். மூளை குலுங்குவதைத் தடுத்துவிடாது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் கவசமின்றியே ஆடினர். பெண்கள் அணிந்து ஆடினர். கவசத்தை நம்பிக் கையைத் தாழ்த்துகிறவள் ஏமாந்து போவாள்.

இதை நான் ஏட்டில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. என் மாமா ஒரே செய்தியை ஒரே மாலையில் மூன்று முறை சொல்கிறார். வைத்த சாவியைத் தேடித் தவிக்கிறார். இளமையில் தலையில் வாங்கிய அடிகள் காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர் கூறியிருக்கிறார். அடிபட்ட வீரர்களின் மூளை நோயைப் பற்றி அமெரிக்க மருத்துவர் மார்ட்லண்ட் 1928லேயே எழுதியிருக்கிறார். விடைபெறும் நாளில் மாமா சொன்னார்: "நன்றாகக் குத்துகிறவன் என்று பெயர் வாங்க ஆசைப்பட்டேன். குத்தே வாங்காதவன் என்று பெயர் வாங்கியிருக்கலாம்." அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அப்படியானால் பெண்கள் இந்தப் பக்கமே போகக்கூடாதா? அதுவும் என் கருத்தன்று. மணிப்பூரின் மேரி கோம் மொய்ராங்கில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் படித்தவர். முகம் கெட்டால் திருமணம் தடைப்படுமே என்று அவருடைய தந்தை கவலைப்பட்டார். மகள் பயிற்சி பெறுவதையே அவர் 2000இல் செய்தித்தாளில் வந்த படத்தைப் பார்த்துத்தான் அறிந்தார். அந்த மகள் ஆறு முறை உலகப் பட்டம் வென்றார். பெண்கள் குத்துச்சண்டை முதன்முதலாக இடம்பெற்ற 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலமும் பெற்றார்.

ஆகவே என் கோரிக்கை சிறியது. நம் உடற்பயிற்சி வகுப்பில் வாரம் ஒரு நாள் இந்தக் காப்பு நிலையைக் கற்றுத்தர வேண்டும். நிற்கும் முறை, கால் நகர்த்தல், கண்ணாடி முன் நிழற்பயிற்சி, மணல் மூட்டையில் குத்துதல் ஆகிய இவை போதும். ஒருவர் தலையில் மற்றவர் குத்தும் பயிற்சி நம் பள்ளிக்கு வேண்டாம். எந்த விளையாட்டிலாவது ஒருத்திக்குத் தலையில் அடிபட்டால், அன்றே ஆட்டத்தை நிறுத்தி, மருத்துவரிடம் காட்ட வேண்டும். கூடைப்பந்து ஆடும் தோழியருக்கும் இது பொருந்தும்.

இதைக் கற்றால் தெருவில் எவரையும் எதிர்த்து நிற்கலாம் என்று நான் சொல்லவில்லை. ஆபத்து வந்தால் ஓடுவதும், கூவி உதவிக்கு அழைப்பதும், பெரியவர்களிடம் மறைக்காமல் சொல்வதும்தான் முதல் காப்பு. ஆனால் ஒரு கை நம்மை நோக்கி உயரும்போது கண்ணை மூடி முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. அந்தப் பழக்கம் மாற வேண்டும்.

அருட்சகோதரியரே, பெற்றோர்களே! தன் முகத்தைக் காக்க இரு கைகளை உயர்த்துவதில் பகைமை ஏதுமில்லை. எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்று நம் முன்னோர் சொன்னார்கள். அந்தச் சிரசுக்குள் நீங்கள் கல்வியை நிரப்புகிறீர்கள். அதைக் காக்கும் வழியையும் எங்களுக்குக் கற்றுத்தாருங்கள்.

- பதினோராம் வகுப்பு மாணவி