வறட்சி நிவாரணம் யாருக்கு?

ஆனி, ஆடியில் குற்றாலத்துக்கு வந்து அருவியில் குளித்துவிட்டுப் போகிறவர்களுக்குத் தென்காசிச் சீமை முழுவதும் சாரலும் தென்றலும்தான் என்று தோன்றும். அவர்கள் பஸ் ஏறி ஆலங்குளத்துக்கோ சங்கரன்கோவிலுக்கோ போய்ப் பார்க்கட்டும். மலையை ஒட்டிய சில மைல்களோடு சாரல் நின்றுவிடுகிறது. கிழக்கே மானாவாரி நிலமும் குளத்துப் பாசனமும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிக் கிடக்கின்றன.

2016ல் அந்த மழை பொய்த்தது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவிகிதம் குறைவு. 2017 ஜனவரியில் அன்றைய 32 ஜில்லாக்களையும் வறட்சி ஜில்லாக்கள் என்று சர்க்கார் அறிவித்தது. (தென்காசி அப்பொழுது நெல்லை ஜில்லாவுக்குள் இருந்தது.) நிலவரி தள்ளுபடி, நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய். சரி, வேண்டியதுதான். ஆனால் ஏக்கரே இல்லாதவனுக்கு?

வாய்ப்பேச்சில் குத்தகைக்கு உழுதவன் எந்தக் காகிதத்தைக் காட்டுவான்? நடவும் களையெடுப்பும் போய்க் கூலி இழந்த பெண்ணின் நஷ்டம் எந்த ரிஜிஸ்தரில் ஏறும்? ஆலங்குளம், கடையம் பக்கம் வறண்ட வருஷங்களில் அடுப்பு எரிகிறதென்றால், பெண்கள் மடியில் முறத்தை வைத்துச் சுற்றும் பீடியால்தான். நூறு நாள் வேலையை அந்த வருஷம் 150 நாளாக்கினார்கள், நல்ல காரியம். ஆனால் கூலி வாரக்கணக்கில் இழுத்தடித்தால் 150 நாளால் பசி தீருமா?

பஞ்சத்தில் கூலியைக் கிள்ளும் புத்தி பழையது. 1877ல், தாது வருஷப் பஞ்சத்தில், ரிச்சர்டு டெம்பிள் என்ற துரை நிவாரண வேலைக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்றார். சென்னை மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் என்ற வெள்ளைக்கார டாக்டரே அதை எதிர்த்தார். மகாராஷ்டிரத்திலோ, 1973 மே மாதம் வறட்சி வேலைகளில் ஏறக்குறைய 50 லட்சம் பேர் இறங்கினார்கள். அந்த அனுபவத்திலிருந்துதான் 1977ல் அங்கே வேலை உறுதிச் சட்டம் பிறந்தது. 2005ல் நாட்டுக்கே வந்தது.

மில் தோழர்கள் இது நமக்கென்ன என்று இருந்துவிடக் கூடாது. ஊரில் பிழைப்பற்றவன் ராஜபாளையத்திலும் திருப்பூரிலும் மில் வாசலில் வந்து நிற்கிறான். கொடுத்ததை வாங்கிக்கொள்கிறேன் என்கிறான். அவன்மேல் குற்றமில்லை. அவனைக் காட்டி உங்கள் கூலியை அமுக்குவது முதலாளிக்குச் சுலபம்.

குளம் வற்றினால்தான் தூர் வார முடியும். ஆள் சும்மா இருப்பதும் அதே வறண்ட பங்குனி, சித்திரையில்தான். ஆகவே எஸ்டிமேட்டும் அனுமதியும் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். வறட்சியை அறிவித்த பிறகு பைல் நகர ஆரம்பித்தால், உத்தரவுக்கு முன் மழை வந்துவிடும்! 2017 மார்ச்சில் குடிமராமத்து என்று 1,519 வேலைகளுக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். குளத்தில் காண்டிராக்டரின் இயந்திரம் இறங்கினால் குளம் ஆழமாகலாம். கூலி யார் வீட்டுக்கும் வராது. மண்வெட்டிக்கு முதல் உரிமை வேண்டும்.

மே தினத்தன்று கிராம சபை கூடுகிறது. கூட்டமாகப் போங்கள். தூர் வார வேண்டிய குளம், மடை, வரத்துக்கால் எவை, எத்தனை பேருக்கு எத்தனை நாள் வேலை, குத்தகைக்கு உழுகிறவர் யார் யார் என்பதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். மினிட் புத்தகத்தில் ஏறியதைப் படிக்கக் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.