டாக்டர் எழுதிக் கொடுத்த சோப்பு ஏன் டப்பாவிலேயே கரைகிறது?

வீட்டுக்குள் ஒரு லேப் - வாராந்திரத் தொடர்

சருமம் வறண்டு, அரிப்பெடுத்து ஸ்கின் டாக்டரிடம் போனால், பெரும்பாலும் கிடைக்கும் முதல் அறிவுரை, "முதல்ல சோப்பை மாத்துங்க" என்பதுதான். அவர் எழுதிக் கொடுத்ததை மெடிக்கல் ஷாப்பில் வாங்கும்போதே விலை கொஞ்சம் உறுத்தும். சரி, உடம்புக்குத்தானே என்று வாங்கி வந்து பாத்ரூமில் வைத்தால், சில நாள்களிலேயே சோப்பு டப்பாவின் அடியில் கஞ்சி போல வழவழவென்று ஒன்று தேங்கி நிற்கும். கையில் எடுத்தால் நழுவும். பாதி டப்பாவிலேயே ஒட்டிக்கொள்ளும். "இதுக்குப் பழைய சோப்பே தேவலை" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். பழைய சோப்பு திரும்பி வரும். கூடவே அரிப்பும் வரும்.

இந்த வாரம் நாம் பார்க்கப்போவது அந்தக் கஞ்சியைத்தான். அது ஏன் உருவாகிறது என்று தெரிந்துவிட்டால், நல்ல பாரைத் தூக்கிப் போடவும் மாட்டீர்கள், கெட்டியாக இருக்கிறதே என்று கண்டதை வாங்கவும் மாட்டீர்கள்.

சோப்பு வேறு, சிண்டெட் வேறு

எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துச் செய்வது சோப்பு. தேங்காய் எண்ணெய், பாமாயில், விலங்குக் கொழுப்பு என எதில் செய்தாலும் அதன் பிஎச் 9 முதல் 10 வரை இருக்கும். அதாவது காரத்தன்மை. நம் சருமத்தின் மேற்பரப்போ லேசான அமிலத்தன்மை கொண்டது; சுமார் 4.5 முதல் 5.5 வரை. ஆரோக்கியமான சருமம் குளித்த பிறகு தன் நிலையை மெல்ல மீட்டுக்கொள்ளும். வயதானவர்களின் வறண்ட தோலுக்கும், எக்ஸிமா உள்ள குழந்தைகளின் தோலுக்கும் அது அவ்வளவு எளிதல்ல.

டாக்டர் எழுதித் தருவது பெரும்பாலும் சோப்பே அல்ல. அதன் பெயர் சிண்டெட் பார். சிந்தெடிக் டிடர்ஜென்ட் என்பதன் சுருக்கம். 'டிடர்ஜென்டா!' என்று பதற வேண்டாம். துணி துவைக்கும் பாரில் இருப்பதும் டிடர்ஜென்ட்தான், ஆனால் அது வேறு ரகம். உடம்புக்கான பாரில் பரவலாகப் பயன்படுவது சோடியம் கோகோயில் ஐசெத்தியோனேட். பெயர்தான் வாயில் நுழையாது. தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களிலிருந்து செய்யப்படும் வெள்ளைப் பொடி அது. இனி சுருக்கமாக 'கோகோயில் பொடி' என்றே சொல்வோம்.

இதன் கதை ஜெர்மனியில் தொடங்குகிறது. முதல் உலகப் போரில் கொழுப்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது, 1916-ல் அங்கே முதல் செயற்கை டிடர்ஜென்ட் உருவானது. கோகோயில் பொடியின் குடும்பமும் பிறகு ஜெர்மனியில்தான் பிறந்தது. 1957-ல் அமெரிக்காவில் லீவர் நிறுவனம் இந்தக் குடும்பத்தை வைத்து டவ் பாரை அறிமுகம் செய்தது. 1979-ல் ஃப்ராஷ், கிளிக்மேன் என்ற இரண்டு தோல் ஆராய்ச்சியாளர்கள், 18 சோப்புகளின் கரைசலைச் சருமத்தில் வைத்து, எது எவ்வளவு எரிச்சல் தருகிறது என்று ஒப்பிட்டார்கள். மிகக் குறைவான எரிச்சல் தந்தது அந்த சிண்டெட் பார்தான்.

இன்னொரு லாபமும் உண்டு. போர்வெல் உப்புத் தண்ணீரில் சோப்பு போட்டால் நுரை வராமல், பக்கெட்டில் வெள்ளையாகத் திரி திரியாகப் படியும். அது சோப்பும் தண்ணீரில் உள்ள கால்சியம், மக்னீசியமும் சேர்ந்து உருவாகும் கசடு. அந்தக் கசடு தோலிலும் ஒட்டும். சிண்டெட்டில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

இவ்வளவு நல்ல பொருள் என்றால், ஏன் கரைந்து தொலைகிறது?

ரவா லட்டு கணக்கு

சாதாரண சோப்பில் அழுக்கை எடுப்பதும் சோப்புதான், பாரைக் கெட்டியாகத் தாங்கி நிற்பதும் சோப்புதான். பாமாயிலிலிருந்து வரும் சோப்பு இயல்பிலேயே கெட்டியானது. ஒரே ஆள் இரண்டு வேலையையும் பார்த்துவிடுகிறார்.

சிண்டெட்டில் அப்படி இல்லை. கோகோயில் பொடி அழுக்கை எடுக்கும், நன்றாக நுரைக்கும். ஆனால் தனியாக ஒரு பாராக நிற்காது. அதைச் சேர்த்துப் பிடித்து வைக்க இன்னொரு ஆள் தேவை.

ரவா லட்டு பிடித்திருக்கிறீர்களா? வறுத்த ரவையை எவ்வளவு அழுத்தினாலும் உருண்டையாகாது. சூடான நெய் ஊற்ற வேண்டும். ஆறியதும் நெய் உறைந்து ரவையைப் பிடித்துக்கொள்ளும். நெய் குறைந்தால் லட்டு உதிரும். நெய்க்குப் பதில் பாலைத் தெளித்தால் உடனே பிடிக்க வரும், ஆனால் சீக்கிரம் கெட்டுப்போகும்.

சிண்டெட் பாரில் ரவை என்பது கோகோயில் பொடி. நெய்யின் வேலையைச் செய்வது ஸ்டியரிக் அமிலம். 'அமிலம்' என்ற பெயரைப் பார்த்து பயப்பட வேண்டாம். மெழுகுவத்தி போன்ற வெள்ளைச் சீவல் அது. சுமார் 69 டிகிரி செல்சியஸில்தான் உருகும், தண்ணீரில் கரையாது. உருக்கிக் கலந்து ஆறவிட்டால் பாருக்கு எலும்புக்கூடு போல அமைந்துவிடும். நிறுவனங்கள் செய்யும் பாரில், தோராயமாகப் பாதி அளவு கோகோயில் வகைப் பொருளும், ஐந்தில் ஒரு பங்கு அல்லது சற்று அதிகமாக இந்த மெழுகு வகைகளும் இருக்கும். தண்ணீர் 5 சதவிகிதத்தை ஒட்டித்தான் இருக்கும். சாதாரண சோப்பில் தண்ணீர் 10 முதல் 15 சதவிகிதம் வரை இருக்கலாம்.

'பால் தெளிக்கும்' வேலை எங்கே நடக்கிறது? பாரை இன்னும் மென்மையாக்குகிறேன் என்று சேர்க்கும் பொருள்களில்தான். கிளிசரின் தண்ணீரை இழுக்கும். கோகமிடோபுரொப்பைல் பீட்டெய்ன் என்ற திரவம் எரிச்சலைக் குறைக்கும், நுரையைக் கூட்டும். ஆனால் அதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு வெறும் தண்ணீர். கற்றாழைச் சாறு, ரோஸ் வாட்டர், பால் என்று 'இயற்கையாக' எதைச் சேர்த்தாலும் அதுவும் தண்ணீர்தான். தோலுக்கு இதமானவை என்று நாம் நினைக்கும் பலவும் பாரைக் குழைக்கக்கூடியவை.

கெட்டியாக்குவது சுலபம், ஆனால்...

சரி, நிறைய மெழுகு போட்டுக் கெட்டியாக்கிவிடலாமே? போடலாம். நுரை படுத்துவிடும். தேய்த்துத் தேய்த்துக் கை வலிக்கும். டால்க் போன்ற பொடிகளை அள்ளிப் போட்டாலும் பார் கல்லாக நிற்கும். ஆனால் அழுக்கெடுக்கும் சரக்கு குறைந்துவிடும்.

இன்னொரு வழி, கொஞ்சம் அசல் சோப்பையே சேர்ப்பது. பல நிறுவனங்கள் இப்படிச் செய்கின்றன. பார் நன்றாக நிற்கும், செலவும் குறையும். ஆனால் சோப்பின் அளவு கூடக் கூட பிஎச்சும் ஏறும். எந்தக் காரத்துக்குப் பயந்து சிண்டெட்டுக்கு வந்தோமோ, அதுவே பின்வாசல் வழியாக உள்ளே வரும். கோகோயில் பொடிக்கும் அது ஆகாது. பிஎச் 5-க்கும் 8-க்கும் இடையில்தான் அது நிலையாக இருக்கும். அதைத் தாண்டினால் மெல்லச் சிதையும்.

ஆக, சிண்டெட் பார் செய்பவரின் திறமை ஒரு பேரத்தில் இருக்கிறது: தோலுக்கு இதம், கைக்கு நுரை, டப்பாவில் உறுதி. மூன்றையும் முழுசாகத் தர முடியாது. நல்ல பார் என்றால் உறுதியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கும். கொஞ்சம்தான், பத்து நாளில் கஞ்சியாகும் அளவுக்கு அல்ல.

வீட்டில் செய்து பார்ப்பவர்களுக்கு

ஷாம்பு பாரும் சிண்டெட் பாரும் வீட்டில் செய்பவர்கள் இன்று நிறையப் பேர். 'ஊத்தும்போது நல்லா இருந்துச்சு, குளிக்கும்போது குழையுது' என்பதுதான் அவர்களின் பொதுப் புலம்பல். 100 கிராமுக்குத் தொடங்கிப் பார்க்க ஒரு கணக்கு இதோ:

* கோகோயில் பொடி - 50 கிராம்
* ஸ்டியரிக் அமிலம் - 22 கிராம்
* சீட்டைல் ஆல்கஹால் (இதுவும் மெழுகுச் சீவல்தான், சாராயம் அல்ல) - 5 கிராம்
* சோள மாவு - 13 கிராம்
* பீட்டெய்ன் திரவம் - 8 கிராம்
* கிளிசரின் - 2 கிராம்

பீட்டெய்னிலிருந்து வரும் தண்ணீரே 5 கிராமைத் தொட்டுவிடுகிறது, கவனித்தீர்களா? தனியாக ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றாதீர்கள். தண்ணீர் கொஞ்சம் இருப்பதால் பிரிசர்வேட்டிவ் அவசியம். விற்பவர் சொல்லும் அளவைத் தாண்ட வேண்டாம்.

பொடி வாங்கும்போது '85', '65' என்று எண் போட்டிருக்கும். 85 என்றால் பெரும்பகுதி கோகோயில்தான். 65 ரகத்தில் ஸ்டியரிக் அமிலம் ஏற்கெனவே கலந்திருப்பது வழக்கம். அதைத் தெரியாமல் மேற்கொண்டு 22 கிராமும் சேர்த்தால் நுரையே வராத மெழுகுக்கட்டிதான் கிடைக்கும்.

பொடியை எடுக்கும்போது மாஸ்க் கட்டாயம். அதன் தூசி மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து மெழுகுகளை முதலில் உருக்குங்கள். பிறகு பொடியையும் பீட்டெய்னையும் சேர்த்துப் பிசையுங்கள். பொடி உருகி ஓடாது. சப்பாத்தி மாவு பதத்துக்கு வரும். ஊற்றும் பதம் வரவில்லையே என்று தண்ணீர் சேர்க்கும் இடத்தில்தான் பலரும் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். இது ஊற்றுகிற சரக்கு அல்ல, அழுத்துகிற சரக்கு. சூடு ஆறுவதற்குள் அச்சில் போட்டு, காற்று இடைவெளி இல்லாமல் பலமாக அழுத்த வேண்டும். உள்ளே இடைவெளி இருந்தால் தண்ணீர் அந்த வழியாக நுழைந்து பாரைப் பிளக்கும். அச்சிலிருந்து எடுத்து, ஃபேன் காற்றில் சில நாள்கள் உலரவிடுங்கள்.

பிஎச் பார்க்க, 10 கிராம் துருவலை 90 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து பிஎச் தாளை நனையுங்கள். 5.5-லிருந்து 7-க்குள் இருந்தால் நல்லது.

உறுதியைப் பார்க்கவும் ஒரு எளிய சோதனை உண்டு. நிறுவனங்கள் செய்வதன் வீட்டு வடிவம் இது. பாரை எடை போடுங்கள். தண்ணீர் தேங்கிய தட்டில் இரண்டு மணி நேரம் வையுங்கள். குழைந்த பகுதியைக் கத்தியின் முதுகால் வழித்தெடுத்து, மிச்சத்தை உலரவிட்டு மறுபடி எடை போடுங்கள். எவ்வளவு குறைந்ததோ அவ்வளவும் சாக்கடைக்குப் போகும் காசு. கலவையை மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்து எழுதி வைத்தால், எந்த மாற்றம் உதவியது என்று தெரியும். ஒரு தடவைக்கு ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள்.

ஒரு விஷயம். உங்களுக்காகச் செய்துகொள்வது வேறு, விற்பது வேறு. விற்பனைக்குச் செய்ய 1940-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் 2020-ம் ஆண்டு அழகுசாதனப் பொருள்கள் விதிகளின்படி தயாரிப்பு உரிமம் வேண்டும். வீட்டில் செய்ததை எக்ஸிமா உள்ள குழந்தைக்கு மருந்துபோலப் பயன்படுத்திப் பார்க்கவும் கூடாது.

கடையில் வாங்கும்போது கவரில் என்ன பார்க்கலாம்?

விலையையும் விளம்பரத்தையும் விட்டுவிட்டு, பின்பக்கப் பட்டியலின் முதல் பெயரைப் பாருங்கள். சோடியம் பால்மேட், சோடியம் பாம் கெர்னலேட் என்று தொடங்கினால் அது சோப்பு. சோடியம் கோகோயில் அல்லது லாரோயில் ஐசெத்தியோனேட் என்று தொடங்கினால் சிண்டெட். இரண்டு வகையும் கலந்து வந்தால் கலப்பு பார். முதலில் இருப்பது சோடியம் லாரில் சல்பேட் என்றால், அதுவும் சிண்டெட்தான், ஆனால் வறண்ட சருமத்துக்கு ஏற்றதல்ல. சிண்டெட் எல்லாமே மென்மை என்று கிடையாது.

'டிஎஃப்எம் 76 சதவிகிதம், அதனால் மென்மை' என்று ஒரு நம்பிக்கை உண்டு. டிஎஃப்எம் என்பது மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு. இந்தியத் தர நிர்ணயப்படி டாய்லெட் சோப்பில் முதல் தரத்துக்கு 76, இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60 சதவிகிதம் இருக்க வேண்டும். அதிகம் இருந்தால் கலப்படப் பொடி குறைவு, சோப்பு நீடித்து உழைக்கும். ஆனாலும் அது சோப்புதான். காரத்தன்மை அப்படியேதான் இருக்கும். சிண்டெட் பாரை டிஎஃப்எம் எண்ணால் எடைபோடவே கூடாது. கவரில் 'பாத்திங் பார்' என்று இருப்பதைப் பார்த்து 'இது மட்டமான சரக்கு' என்று முடிவு கட்டவும் வேண்டாம். அந்தப் பெயரில் மலிவான சோப்பும் வரும், நல்ல சிண்டெட்டும் வரும். பட்டியலைப் படித்தால்தான் வித்தியாசம் தெரியும்.

வாங்கியதைக் காப்பாற்ற...

* தண்ணீர் தேங்கும் டப்பாவை மாற்றுங்கள். அடியில் ஓட்டையும், பாரைத் தூக்கிப் பிடிக்கும் வரிகளும் இருக்கும் தட்டு போதும். இது ஒன்றே பாதிப் பிரச்னையைத் தீர்க்கும்.
* புது பாரை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை மட்டும் வெளியே வையுங்கள். நனையும் பரப்பு குறையும்.
* பக்கெட் தண்ணீர் தெறிக்காத, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். நான்கு பேர் குளிக்கும் வீட்டில் பார் உலர நேரமே கிடைக்காது. தேவைப்படுபவருக்குத் தனித்தட்டு கொடுங்கள்.
* நாரில் வைத்துத் தேய்க்காமல், கையில் நுரைத்துப் பூசுங்கள். பாரும் நிற்கும், தோலுக்கும் நல்லது.
* தேங்கிய வழவழப்பும் நல்ல சரக்குதான். வழித்து வைத்துக் கைகழுவப் பயன்படுத்தலாம்.

சோப்பைப் பிரித்து பீரோவில் துணிகளுக்கு நடுவே வைக்கும் பாட்டிகளின் வழக்கம் ஞாபகம் இருக்கிறதா? துணிக்கு வாசனை, சோப்பில் உள்ள தண்ணீர் வற்றி அதற்கும் உறுதி. சாதாரண சோப்புக்கு அது அருமையான வழி. சிண்டெட்டில் வற்றுவதற்கே தண்ணீர் அதிகம் இல்லாததால் அந்தப் பலன் குறைவு. அதற்கு உழைப்பது பீரோ அல்ல, ஓட்டை போட்ட தட்டு.

அம்மாவுக்கோ தாத்தாவுக்கோ டாக்டர் மாற்றிக் கொடுத்த பார் கரைகிறது என்று புகார் வந்தால், பாரை மாற்றும் முன் தட்டை மாற்றுங்கள். இரண்டு வாரம் பாருங்கள். அதற்குப் பிறகும் கஞ்சியானால், அதே வகையில் வேறு எதை வாங்கலாம் என்று அந்த டாக்டரிடமே கேளுங்கள். பழைய சோப்புக்குத் திரும்புவது மட்டும் கடைசி யோசனையாக இருக்கட்டும்.

அடுத்த வாரம்: வாஷிங் மெஷினில் பவுடரா, லிக்விடா? உப்புத் தண்ணீருக்கு எது சரி?