ஊசிக்கு முன் இரண்டு சோதனைகள்

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கிவிட்டால், தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் சாலையில் உல்லாசமாக வருகிறவர்களோடு, விரல் கணுக்கள் வீங்கி, எண்ணெய் தேய்த்துப் பேரருவியின் கீழ் நின்றால் வாதம் இறங்கும் என்று நம்பி வருகிறவர்களையும் காணலாம். அந்த நம்பிக்கையைப் பரிகசிக்க எனக்கு மனமில்லை. அருவி நீரால் ஈரலுக்குக் கேடில்லை. அவர்களில் சிலர் பின்னர் திருநெல்வேலியிலோ மதுரையிலோ முடக்குவாதத்துக்குப் போட்டுக்கொள்ளும் பயாலஜிக் ஊசிகளைப் பற்றியதே என் கவலை.

சொந்த மூட்டுகளையே தாக்கும் எதிர்ப்புச் சக்தியை அடக்கி இவ்வூசிகள் அளிக்கும் நிவாரணம் அற்புதமானதுதான். ஆனால் என்றோ வந்துபோன ஹெபடைடிஸ் பி வைரஸின் மிச்சம் ஈரல் அணுக்களின் உட்கருவில் ஒளிந்திருக்க, அதைத் தலையெடுக்கவிடாமல் காத்து நிற்பதும் அதே சக்தியாதலால், அது தளர்ந்ததும் வைரஸ் பெருகி, காமாலையாகி, சிலருக்குப் பிராணாபாயமாகவும் முடிகிறது. இவ்வூசிகளில் ஒன்றான ரிட்டுக்ஸிமாப் விஷயத்தில் இவ்வபாயம் மிகுதி. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2013-இல் இதற்கென்றே கடும் எச்சரிக்கை விடுத்தது. நம் நாட்டிலோ அம்மருந்தின் மலிவான உள்நாட்டு வடிவம் 2007-இலேயே வந்துவிட்டது.

இப்போதுள்ள தொற்றைக் காட்டும் எச்.பி.எஸ்.ஏ.ஜி. சோதனை 'நெகட்டிவ்' என்றதும் திருப்தியடைந்துவிடுவது போதாது. பழைய தொற்றின் தடத்தைக் காட்டும் ஆன்டி-எச்.பி.சி. சோதனையும் அவசியம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி குழந்தைகளுக்கு நாடு முழுவதும் கிடைத்ததே 2011-இல் என்பதால், இன்று மூட்டுவலியோடு வரும் நடுத்தர வயதினரில் பெரும்பாலோர் அதன் பாதுகாப்பின்றி வளர்ந்தவர்கள்.

"காமாலை வந்தால் கீழாநெல்லி இருக்கிறதே" என்பார்கள். சென்னையில் எஸ். பி. தியாகராஜன் குழுவினர், இவ்வைரஸைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்குடன் சேர்ந்து 1988-இல் 'லான்செட்'டில் வெளியிட்ட ஆய்வில், கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்ததாகக் கூறியது உண்மையே. பிற இடங்களில் நடந்த சோதனைகள் அதை உறுதிசெய்யவில்லை என்பதும் உண்மை. வைரஸை அடக்கும் என்டெகாவிர், டெனோபோவிர் மாத்திரைகளின் இடத்தில் அதை வைக்க இயலாது.

2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் ஹெபடைடிஸ் சோதனையும் மருந்தும் இலவசமாயிருக்க, இவ்விரு முடிவுகளையும் காணாமல் எந்த மருத்துவமனையும் பயாலஜிக் ஊசி போடலாகாது என்று அரசு விதிப்பதில் என்ன சிரமம்? மாத்திரை தேவைப்படுவோர் அதை ஊசி நின்றவுடன் நிறுத்திவிடாமல், ரிட்டுக்ஸிமாப் என்றால் குறைந்தது மேலும் 12 மாதம் தொடர வேண்டும் என்பதையும் மருந்துச் சீட்டிலேயே நல்ல தமிழில் எழுதிக் கொடுக்கலாம்.