விரலைக் கொண்டது விதியா?

"எல்லாம் என் தலைவிதி, ஐயா!" என்றான் அவன். என்னிடம் பயின்றவன். 2019 இல், பிரஸ் இயந்திரத்தில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், வலக்கையில் இரு விரல்களைப் பறிகொடுத்தவன்.

விதியா? துருவித் துருவிக் கேட்டேன், தோழர்களே! இரு கைகளாலும் இரு பொத்தான்களை ஒருசேர அழுத்தினாலன்றி இறங்காத இயந்திரம் அது. கை உள்ளே சிக்கலாகாது என்பதற்காகவே அறிவு கண்ட ஏற்பாடு! அதிலே ஒரு பொத்தானை எந்நேரமும் அழுந்தியே கிடக்கும்படி கட்டிவைத்திருந்தனராம். உருப்படி பெருகவேண்டுமல்லவா! விரல் போனால் என்ன, வேறோர் ஏழைப்பிள்ளை வாராமலா போவான்?

அந்த இரும்புக்கு ஆயுதபூசையன்று சந்தனம் உண்டு, குங்குமம் உண்டு, எலுமிச்சம்பழமும் உண்டு. புதியவன் அருகே நின்று, "கையை எடு தம்பி" என்று சொல்ல ஒரு மூத்த தொழிலாளிதான் இல்லை!

ஆபத்தான பொறியில் இளையோரை நிறுத்துமுன் ஆபத்தை விளக்கு, பயிற்சி கொடு, இல்லையேல் அனுபவமிக்கவர் கண்காணிப்பில் வை என்றது 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 23 ஆம் பிரிவு. இளையோர் என்றால் பதினெட்டு நிரம்பாதோர். பத்தொன்பதில் விரல் எஃகாகிவிடுமோ? பாதுகாப்புப் பயிற்சி பெறும் உரிமையைத் தொழிலாளர் அனைவர்க்கும் தந்தது 1987 ஆம் ஆண்டுத் திருத்தம். ஏட்டில் ஏறிற்று, என் மாணவன் காதில் ஏறவில்லை. யார் சொன்னார்கள் அவனுக்கு? பள்ளியில் நானும் சொல்லவில்லையே!

அவன் தாயார் பரிகாரம் கேட்கச் சோதிடரிடம் புறப்பட்டார். நான் அவனைத் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்திற்கு அழைத்துச் சென்றேன். மனுவை அவனே எழுதினான், இடக்கையால்.