ஒன்பதாயிரம் ரூபாய்ப் பெட்டிக்குப் பதினாலாயிரம் ரூபாய்க் கரண்டா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இல்லாதவர்கள் எர்த் பற்றி எழுதியிருக்கும் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள். கோபத்தில் எழுதுகிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஹெட்போனில் பாட்டுக் கேட்பதற்கென்று மேசைமேல் வைக்கிற ஒரு சின்னப் பெட்டி இப்போது நம் பிள்ளைகள் பல பேர் வீட்டுக்கு வந்துவிட்டது. டேக் என்கிறார்கள். கம்ப்யூட்டருக்குள் வெறும் எண்களாக இருக்கும் பாட்டை மின் அலையாக மாற்றுவது டேக். அந்த அலையை ஹெட்போனை ஓட்டும் அளவுக்குப் பெரிதாக்குவது ஆம்ப்ளிஃபயர். இரண்டும் ஒரே டப்பாவில், எட்டாயிரத்திலிருந்து இருபதாயிரம் வரைக்கும் கிடைக்கிறது. என்னிடமும் ஒன்று இருக்கிறது, மகன் வாங்கிக் கொடுத்தது. ரிட்டையர் ஆன டீச்சருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கும் என் நாத்தனார், ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் காருகுறிச்சியாரின் நாதஸ்வரத்தையும் ஜானகியம்மா குரலையும் ஒரு தடவை அதில் கேட்டுவிட்டு வந்து பேசட்டும்.

என் கோபம் பெட்டியின் மேல் இல்லை. அதற்குக் கரண்ட் கொடுப்பதை வைத்து நடக்கும் வியாபாரத்தின் மேல்.

என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒரு பையன் சென்னையில் வாடகை வீட்டில் இருக்கிறான். 9,500 ரூபாய்க்கு இப்படி ஒரு பெட்டி வாங்கினான். கம்ப்யூட்டரில் யுஎஸ்பி வயரால் இணைத்தான். பெட்டியின் பின்பக்கம் ஸ்பீக்கரையும் மாட்டினான். போட்டதும் ஹெட்போனில், ஸ்பீக்கரில், இரண்டிலும் ‘ஙொய்ங்’ என்று ஒரு சத்தம். விற்றவரைக் கேட்டிருக்கிறான். “உங்க வீட்டுக் கரண்ட் சுத்தமா இல்ல சார், லீனியர் பவர் சப்ளை போட்டாத்தான் சரியாகும்” என்று பதில் வந்திருக்கிறது. 14,000 ரூபாய், தவணையில். மாட்டினான். சத்தம் அப்படியே இருந்தது. அடுத்து, சுவரிலிருந்து அந்த சப்ளைக்குப் போகும் வயரையும் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். அது 6,000. வாங்கலாமா என்று கேட்கத்தான் எனக்குப் போன் செய்தான். பேச்சோடு பேச்சாக, “கம்ப்யூட்டர் கேபினெட்டத் தொட்டா லேசா சுருக்குங்குது டீச்சர், அது வேற விஷயம்” என்றான்.

அது வேறு விஷயம் இல்லையடா, அதுதான் விஷயம் என்றேன்.

மூன்று பின் பிளக்கில் மேலே இருக்கும் பின் ஏன் நீளமாகவும் தடிமனாகவும் இருக்கிறது? வகுப்பில் வருஷா வருஷம் கேட்பேன், நினைவிருக்கும். செருகும்போது எர்த் முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விலக வேண்டும் என்பதற்காக. கம்ப்யூட்டரின் பவர் சப்ளைக்குள் ஃபேஸிலிருந்து எர்த்துக்கு ஒரு சின்னக் கப்பாசிட்டரும், நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு அதே அளவில் இன்னொன்றும் இருக்கும். இரைச்சலை வடிகட்டி மண்ணுக்கு அனுப்புவது அவற்றின் வேலை. இரண்டும் சேரும் நடுப்புள்ளிதான் கேபினெட்டின் இரும்பு உடம்பு. சுவரில் எர்த் வயர் இல்லை என்றால் அந்த நடுப்புள்ளிக்குப் போக்கிடம் இல்லை. 230 வோல்ட்டில் சரிபாதியாக, சுமார் 115 வோல்ட்டில் அந்தரத்தில் தொங்கும். அதில் ஓடக்கூடிய மின்னோட்டம் ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு என்பதால் நமக்குச் சுருக்கென்று மட்டும் தெரிகிறது. யுஎஸ்பி வயரின் கிரவுண்டு இதே இரும்போடு சேர்ந்தது. ஆகவே அந்தக் கசிவு வயர் வழியாக டேக்குக்குப் போகிறது, அங்கிருந்து அடாப்டர், ஸ்பீக்கர் என்று எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே ஓடுகிறது. ஓடுகிற வழியில் பாட்டோடு கலக்கிறது. ஙொய்ங்.

இப்போது சொல்லுங்கள். இரைச்சல் வருவது யுஎஸ்பி வழியாக. அதற்குப் பெட்டியின் பின்னால் பதினாலாயிரத்துக்கு ஒரு பவர் சப்ளை மாட்டினால் எப்படிப் போகும்? கூரை ஒழுகுகிற வீட்டுக்கு வாசல் கதவை மாற்றுவது போல அல்லவா இருக்கிறது?

வயர்மேனை வரவழைத்துப் பார்த்தால் அந்த சுவிட்ச் போர்டில் மூன்றாவது ஓட்டை வெறும் ஓட்டை. பின்னால் வயரே இல்லை. மெயின் போர்டிலிருந்து பச்சை வயர் ஒன்றை இழுத்துக் கொடுக்க, கூலியும் வயரும் சேர்த்து 700 ரூபாய். சத்தம் போனது. சுருக்கும் போனது. அவன் வீட்டில் தவழுகிற குழந்தை இருக்கிறது. கேபினெட் தரையில்தான் இருக்கிறது. உள்ளே ஒரு நாள் இன்சுலேஷன் போய் ஃபேஸ் வயரே இரும்பில் பட்டிருந்தால் வெறும் சுருக்கோடு நின்றிருக்காது. பாட்டின் தரம் பற்றி ஆறு மாதம் பேசிய விற்பனையாளர்களில் ஒருவர்கூட, “உங்க பிளக் பாயிண்ட்ல எர்த் இருக்கா தம்பி?” என்று கேட்கவில்லை. எர்த் வயரில் அவர்களுக்குக் கமிஷன் இல்லை.

அவர்களை மட்டும் திட்டி என்ன செய்வது. நம் வீடுகளில் மூன்று பின்னை இரண்டு பின்னாக மாற்றும் இருபது ரூபாய்க் கட்டையை எத்தனை பேர் பயன்படுத்துகிறோம்? பிளக் நுழையவில்லை என்று எர்த் பின்னை உடைத்துவிட்டுச் செருகுகிற புண்ணியவான்கள் என் உறவிலேயே இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன், அவர்களுக்கே தெரியும்.

சரி, ‘சுத்தமான கரண்ட்’ என்கிற பேச்சுக்கு வருகிறேன். நெய்வேலியிலோ மேட்டூரிலோ உற்பத்தியாகிற மின்சாரம் எத்தனையோ டவர், துணைமின் நிலையம், தெருமுனை டிரான்ஸ்பார்மர் எல்லாம் தாண்டி, கம்பத்திலிருந்து ஒரு அலுமினிய வயரில் தொங்கிக்கொண்டு நம் வீட்டுக்குள் வருகிறது. சுவருக்குள் இருப்பது கான்ட்ராக்டர் போட்ட சாதாரண வயர். இவ்வளவும் செய்யாததைக் கடைசி ஒன்றரை மீட்டர் வயர் செய்துவிடும் என்று ஆறாயிரம் கேட்கிறார்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று. அடாப்டரிலிருந்து வரும் மின்சாரத்தைப் பெட்டி அப்படியே பயன்படுத்துவதில்லை. உள்ளே ரெகுலேட்டர் என்ற சிப் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் வோல்ட்டேஜ் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் உள்ளே ஒரே அளவில் நிறுத்துவது அதன் வேலை. 2011இல் ஓ2 என்றொரு ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரை ஒருவர் வடிவமைத்து, சர்க்யூட் படத்தை இணையத்தில் இலவசமாகவே போட்டார். தன் சொந்தப் பெயரைக் கடைசிவரை சொல்லவில்லை. வடமேற்கு ஆடியோ ஆள் என்று பொருள்படும் ஒரு புனைபெயர் மட்டும்தான். அழகான வர்ணனைகளை நம்பாதே, கருவி வைத்து அளந்து பார் என்பதுதான் அவருடைய கட்சி. அந்த ஆம்ப் ஓடுவது ஒரு சாதாரண ஏசி அடாப்டரில், அல்லது இரண்டு 9 வோல்ட் பேட்டரியில். உள்ளே இருப்பவை 7812, 7912 என்ற ரெகுலேட்டர்கள். ரிச்சி தெருவில் போய்க் கேட்டால் சில்லறைக் காசுக்குத் தருவார்கள். அதை வைத்தே, பல மடங்கு விலையுள்ள ஆம்ப்களோடு நிற்கும் அளவுகளை அவர் காட்டினார். 2012இல் எழுதுவதை நிறுத்திவிட்டார். அவர் போட்ட படத்தை வைத்து ஜேடிஎஸ் லேப்ஸ் போன்ற நிறுவனங்கள் செய்து விற்றார்கள். பட்ஜெட் பெட்டி என்று இன்று நமக்குக் கிடைப்பதில் அவருடைய பிடிவாதத்துக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

“அத்தை, உங்க காதுக்கு வயசாயிடுச்சு. எனக்கு வித்தியாசம் நல்லாவே கேக்குது” என்றான் என் அண்ணன் மகன். காதுக்கு வயசாகிவிட்டது உண்மைதான். அதனால் அவன் காதையே சோதித்தோம். பொங்கலுக்கு வந்திருந்தபோது அவனுடைய விலை உயர்ந்த சப்ளை ஒன்று, பெட்டியோடு வந்த அடாப்டர் ஒன்று. அவன் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். எது ஓடுகிறது என்று அவன் மனைவி காசு சுண்டிப் பார்த்து மாற்றி மாற்றிச் செருகி, ஒரு தாளில் குறித்துக்கொண்டாள். பத்தில் ஆறு சரியாகச் சொன்னான். குருட்டாம்போக்கில் சொன்னாலே பத்துக்கு ஆறு அடிக்கடி வரும். ஒன்பது சரியாகச் சொல்லியிருந்தால் நான் வாயை மூடியிருப்பேன். அது தற்செயலாக நூற்றுக்கு ஒரு தடவைதான் வரும். அன்றைக்குச் சர்க்கரைப் பொங்கலில் நெய் குறைவு என்று பேச்சை மாற்றிவிட்டான்.

கரண்டில் கவனிக்க ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது, ஆனால் அதை யாரும் விற்க மாட்டார்கள்.

முதலில் அடாப்டரின் வயிற்றில் இருக்கும் எழுத்தைப் படியுங்கள். வோல்ட் அளவு பெட்டி கேட்பதோடு சரியாகப் பொருந்த வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. ஃபியோ கே7 கேட்பது 12 வோல்ட் டிசி, 2 ஆம்பியர். டாப்பிங் எல்30 கேட்பது 15 வோல்ட் ஏசி. ஆம், ஏசி. அடாப்டர் என்றாலே டிசி என்று நினைத்துக்கொண்டு, பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் பின்னை மாற்றிச் செருகிப் பெட்டியைப் புகைய விடுபவர்கள் உண்டு. நெளிந்த கோடு போட்டிருந்தால் ஏசி. நேர்க்கோடும் அதன் கீழ் விட்டுவிட்டு ஒரு கோடும் இருந்தால் டிசி. அமெரிக்காவிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்த பெட்டி என்றால் அடாப்டரில் 120 வோல்ட் என்று மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நம் 230இல் செருகவே செருகாதீர்கள்.

5 வோல்ட் யுஎஸ்பியில் ஓடும் பெட்டி என்றால் ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் பிஐஎஸ் பதிவு எண் அச்சிட்ட ஒரு நல்ல போன் சார்ஜர் போதும். பஸ் ஸ்டாண்டில் விற்கும் சார்ஜர் வேண்டாம், அது நிஜமாகவே இரையும். லேப்டாப்பில் இரைச்சல் வருகிறதா? சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி சார்ஜர். மவுஸை நகர்த்தும்போதெல்லாம் கிர்ர் என்றால் வேறு யுஎஸ்பி துளையில் மாட்டிப் பாருங்கள். கம்ப்யூட்டரிலும் பெட்டியிலும் ஆப்டிகல் துளை இருந்தால் அந்த வயரைப் போடுங்கள். அதில் போவது ஒளி மட்டும்தான், கசிவு போக வழியே கிடையாது. கம்ப்யூட்டர், டேக், ஸ்பீக்கர் எல்லாம் ஒரே ஸ்பைக் பஸ்டரில் இருக்கட்டும்; வேறு வேறு அறையின் பிளக்கில் மாட்டினால் எர்த் இருந்தும் ஹம் வரும்.

இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். விலை குறைந்த இன்வெர்ட்டர்கள் தருவது சதுர அலை. ஏசி அடாப்டருக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மர் அதில் உறுமும், சூடாகும். கரண்ட் போன நேரத்தில் அந்த வகைப் பெட்டியை அணைத்து வையுங்கள்.

பவர் போதாது என்பது இன்னொரு பூச்சாண்டி. 250 ஓம் பெயர்டைனமிக் டிடி 770 ஹெட்போன், ஓட்டுவதற்குக் கஷ்டம் என்று பெயர் எடுத்தது. அதற்கு ஒரு மில்லிவாட் கொடுத்தால் 96 டெசிபல். பத்து மில்லிவாட்டில் 106. ஒரு சாதாரண யுஎஸ்பி 2.0 துளை தருவது 5 வோல்ட், அரை ஆம்பியர், அதாவது 2,500 மில்லிவாட். பாதிக்கு மேல் வழியில் வீணானாலும் மிச்சம் எவ்வளவு என்று நீங்களே கழித்துப் பாருங்கள். பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 90 டெசிபல் என்றால் நாலு மணி நேரம்தான். ஆகவே கெயின் சுவிட்ச் குறைந்த பக்கம், குமிழ் பூஜ்யத்தில், அதற்குப் பிறகு ஹெட்போன். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

அந்தப் பையன் சப்ளையைத் திருப்பிக் கொடுக்க முயன்றான். பத்து நாள் கெடு முடிந்துவிட்டதாம். இன்னும் ஏழு தவணை பாக்கி.

உங்கள் வீட்டில் எர்த் இருக்கிறதா என்று வயர்மேனை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் மீட்டர் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் பல்பு பளிச்சென்று எரிய வேண்டும். எரியவும் இல்லை, மெயின் போர்டில் சுவிட்ச் விழவும் இல்லை என்றால் எர்த் இல்லை. நீங்களே வயரைக் கையில் பிடித்துக்கொண்டு சோதிக்க வேண்டாம். அடாப்டரில் சந்தேகம் இருந்தால் அடியில் இருக்கும் எழுத்து தெரிகிற மாதிரி படம் எடுத்துக் கீழே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை மட்டும் பதில் வராது.