தட்டணுவும் நாடித் துடிப்பும்

மழைக்காலம் முடிந்து டெல்லியில் டெங்கு பரவும்போதெல்லாம் நோயாளியின் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, தட்டணு எவ்வளவு என்பதே. நாடி எவ்வளவு என்று கேட்போர் அரிது.

இதயத்தின் வலது மேலறையில் பிறக்கும் மின்தூண்டல், செல்களை இணைக்கும் நுண்ணிய புரதத் துளைகள் வழியே பரவுகிறது. வைரஸ் இதயத்தசையைத் தாக்கினாலும், அதை எதிர்க்கும் அழற்சி மிகுந்தாலும் இப்பாதை குலையும். காக்சாக்கி பி வைரஸ் பற்றிக்கொள்ளும் ஏற்பியோ இதயச் செல்கள் இணையும் இடத்திலேயே செறிந்திருக்கிறது; திருடனுக்கு வாசலிலேயே சாவி கிடைத்ததுபோல.

டெங்குக் காய்ச்சல் தணிந்தபின் துடிப்பு நிமிடத்திற்கு 60-க்கும் கீழே இறங்குவதுண்டு. பெரும்பாலும் சில நாட்களில் தானே சீராகிவிடும். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மயக்கம், நெஞ்சுவலி, படபடப்பு ஆகியவற்றையும் ‘காய்ச்சல் அசதி’ என்று ஒதுக்குவது பெரும்பிழை. ஈசிஜி எடுக்கச் சில நிமிடங்கள் போதும். பப்பாளி இலை தேடி அலைவதைவிட அது எளிது.

இதயத்தசை அழற்சி உறுதியானவர்கள் கடும் உடற்பயிற்சியை மாதக்கணக்கில் தவிர்க்க வேண்டும். காய்ச்சல் விட்ட மறுவாரமே ஓடத் தொடங்கும் இளைஞர்களுக்காக, அறிகுறி இருந்தால் இதயத்தைச் சோதித்த பிறகே பயிற்சி என்னும் ஒரு வரியை மருத்துவமனைகள் டிஸ்சார்ஜ் சீட்டில் அச்சிட வேண்டும்.